சாயிரா பானு டீச்சர் போட்ட தையல்

செங்காட்டுப்பாளையம் பெண்கள் மேல்நிலைப்பள்ளியின் தையல் ஆசிரியை திருமதி சாயிரா பானு அம்மையார் பணி நிறைவு பெறும் 31.5.1997 அன்று, உடன் பணியாற்றியோர் வாசித்து அளிக்கும் மடல்

ஊசிமுனையில் உழைப்பைக் கோத்த உத்தமியே! பாவாடை ஓரம் பிரிந்து பதறி வந்த பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திப் பரிவோடு தைத்தனுப்பிய பண்பே! கத்தரி பிடித்த கையாலேயே கண்ணீரும் துடைத்த கருணையே! தங்களுக்கு எங்கள் தாழ்மையான வணக்கம்!

வழக்கமாக இதன் பிறகு நேர்மை, நிதானம், நேரந்தவறாமை என்று வரிசையாக வரும். உடுமலைப்பேட்டை அச்சகத்தில் கேட்டால் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். தமிழாசிரியர் வெங்கடபதியும் அப்படி ஒன்றை எழுதிக்கொண்டுதான் தையல் அறைக்குப் போனார். அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்குதுங்க சார். ஆனா இதுல சண்முகப்பிரியாவைக் காணோமுங்களே. அந்தப் புள்ளையைப் பத்தி எழுதறதா இருந்தா எழுதுங்க. இல்லீன்னா எனக்கு மடலே வேண்டாமுங்க" என்றார்.

விழா மேடையில் போய்த் துக்கத்தை வாசிப்பதா என்று ஆசிரியர் அறையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆனால் பணிக்காலம் முழுவதிலும் அம்மையார் தமக்கென்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். ஆகவே எழுதுகிறோம்.

அம்மையார் கோவை கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த அக்பர் அலியின் மகள். தைத்து முடித்த துணியை அந்தத் தகப்பனார் இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்த்த பிறகே ஆளிடம் கொடுப்பாராம். மகளுக்கும் அதே பழக்கம் வந்தது. ஒரு பித்தான் தைத்தாலும் சுண்டி இழுத்துப் பார்ப்பார். நூல் அசையாது. அப்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வரும். சாயிரா டீச்சர் போட்ட தையல் பிரியாது என்பது சுற்று வட்டாரத்துத் தாய்மார்கள் எல்லாரும் சொல்லும் பேச்சு.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் பள்ளியில் மேல்வகுப்புப் பெண்களுக்குச் சீருடை பாவாடையும் தாவணியும்தான். பாதிப் பேர் தோட்டத்து வீடுகளிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் எப்படி வீசும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் தாவணித் தலைப்பு, எதிரே தேங்காய் லாரி. இப்படித்தான் அந்தப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள்.

அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் சுடிதார் வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டார்கள். முன்னால் நின்று பேசியவள் சண்முகப்பிரியா. தறிக்குப் போகும் கருப்புசாமியின் மகள், பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் சாயிரா பானு அம்மையார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் செங்கோட்டையன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சுடிதாருங்கறது காலேஜுப் புள்ளைக போடறது அம்மணி. நம்ம ஊட்டுப் புள்ளைக தாவணி போட்டாத்தான் லட்சணம்."

"லட்சணம் சரிங்க. ரோட்டுல வாரப்போ துணியவே பாத்துட்டிருந்தா, வண்டிய யாருங்க பாக்கறது? எங்க மேலுக்கு எது தோதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் சண்முகப்பிரியா.

கேள்வி நியாயமாக இருந்தது, அதனாலேயே கோபமும் வந்தது. எதிர்த்துப் பேசுகிற பெண் என்று பேர் கட்டி, சீருடையில் நூலிழை மாற்றமும் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். அன்று மாலை தையல் அறையில் அவள் அழவில்லை. அம்மையாருக்குத்தான் கண் கலங்கியது.

"உடு கண்ணு. தாவணியவே பறக்காம பண்ணிப்போடறேன்" என்றார்.

ஊக்கு குத்தினால் சைக்கிள் குலுங்கும்போது துணி பிய்ந்துகொண்டு வந்துவிடும். ஆகவே தாவணி மடிப்பைத் தோள்பட்டையில் ரவிக்கையோடு சேர்த்து இரட்டை நூலால் தைத்தார். பறக்கும் தலைப்பைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து இடுப்பில் கொக்கி வைத்து மாட்டினார். பார்வைக்குச் சீருடை சீருடையாகவே இருந்தது, செயலாளரும் குறை சொல்ல வழியில்லை. சண்முகப்பிரியாவை நிற்கவைத்துத் தோள் தையலைச் சுண்டி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இனி இரண்டு கையாலும் சைக்கிள் ஓட்டலாம் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அந்த ஆடியிலேயே அது நடந்தது. பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் வலை இல்லாத பழைய சைக்கிள் அது. காற்றின் வேகத்தில் இடுப்புக் கொக்கி கழன்று, தலைப்பு சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. தோளில் போட்ட தையல் பிரியவில்லை. அது அவளைப் பின்பக்கமாக இழுத்துச் சாய்த்து, வலது முழங்கையைச் சாலையோரத்துக் கல்லில் அடித்தது. கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அறுத்துப் பார்த்தார்கள். எலும்பு கூடியது. நரம்பு போனது போனதுதான். வலது கை விரல்கள் எதையும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கருப்புசாமி அம்மையாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு யார் மீதும் கோபம் இல்லை. வெள்ளந்தியாகத்தான் பேசினார்.

"ஊக்கு குத்தியிருந்தா துணியோட போயிருக்குமுன்னு டாக்டரு சொல்றாருங்க. அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? நம்ம பக்கத்துல இப்பிடிக் கெட்டியா ஆருங்க தெக்கறாங்க? தாவணிதான் நாராக் கிழிஞ்சுது. தையல் அப்பிடியே நிக்குதுங்க டீச்சர்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அம்மையார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் எந்தத் துணியையும் சுண்டி இழுத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் கேட்டபோது கூடாது என்று சொன்ன அதே குழு, காலாண்டுத் தேர்வுக்குள் சுடிதாருக்குச் சம்மதித்தது. செங்கோட்டையனே வந்து அறிவித்தார். இந்த மடலைக் காட்டியபோது அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "எம்பேரை எடுத்துராதீங்க, இருக்கட்டும்" என்றார். மற்றப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்து வெட்டிக் கொடுத்தவர் அம்மையார்தான். சாயங்காலங்களில் சண்முகப்பிரியாவின் வீட்டுக்கு நடையாய் நடந்தார். பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைக்கலாம், இடது கையாலும் எழுதிப் பழகலாம், படிப்பை மட்டும் நிறுத்தவேண்டாம் என்று கெஞ்சினார்.

"கை போன புள்ளைங்க. மாப்பிள்ளை தானா வந்திருக்குது. இதையும் உட்டுப்போட்டா அப்பறம் ஆருங்க கட்டிக்குவாங்க?" என்றார் கருப்புசாமி.

சண்முகப்பிரியா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுடிதார் வந்துருச்சாமுங்க? என்ன கலருங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

நீலம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த அம்மையார், வழியெல்லாம் அழுதுகொண்டே பஸ் ஏறினார். தை மாதம் கல்யாணம் நடந்தது. அவள் அளவுக்கு, வலது கை மட்டும் அகலமாக வெட்டித் தைத்த நீலச் சுடிதார் ஒன்று தையல் அறைப் பீரோவில் இன்றும் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தன் மேல் வருத்தம் இருக்குமா என்பதுதான் அவர் மனதை இத்தனை நாளும் அரித்த கேள்வி.

இதுவரை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு வெங்கடபதி பீளமேட்டில் அவள் வாழும் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே அவள் முழுவதும் படித்தாள்.

"டீச்சர் இன்னுமா இதையே நெனச்சுட்டிருக்காங்க? கொக்கி கழண்டதுக்கு அவங்க என்னங்க பண்ணுவாங்க? எனக்காக எந்திரிச்சு நின்னது அவங்க ஒருத்தருதானுங்க சார்" என்றாள். பிறகு, "நானும் இதுல போடலாமுங்களா?" என்று கேட்டாள். பேனாவை இடது கையில் வாங்கினாள். முனையைத் தாளில் வைத்தாள், எடுத்தாள். அவள் செய்ததைத் தாளின் அடியில் அம்மையார் பார்க்கலாம்.

அம்மையீர்! தோளில் எதையும் போர்த்த வேண்டாம் என்று தாங்கள் கேட்டுக்கொண்டதால் பொன்னாடை வாங்கவில்லை. பெண்பிள்ளைகள் எண்ணற்றோர் இன்று ஏறிட்டுப் பார்த்தபடி இரு கையாலும் சைக்கிள் ஓட்டி வருகிறார்களே, அந்தக் காட்சிக்குக் காரணமானவர் தாங்கள். அதற்குக் கொடுத்த விலையையும் அறிந்தவர் தாங்கள்! உடல் நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், உள்ளத்து முள் உதிர்ந்து, எல்லாம் வல்ல இறைவன் அருளால் நெடுங்காலம் வாழ வேண்டுகிறோம்!

அன்பில் என்றும் மாறாத,
தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலர்கள்
செங்காட்டுப்பாளையம் பெண்கள் மேல்நிலைப்பள்ளி

இவர்களின் கையெழுத்துகளுக்குக் கீழே, பேனா மையில் உருட்டி வைத்த இடது கைப் பெருவிரல் ரேகை, பத்தாம் வகுப்பில் இப்பள்ளியின் முதல் மாணவி க. சண்முகப்பிரியாவுடையது.