புருவம் பார்த்துச் சொன்ன வாசனை

மூக்கு பொய் சொல்லாது, சொன்னா... சொன்னா என்னவோ ஆகும்னு எங்கப்பா சொல்வார் ஹாஜி. பின்பாதி மறந்துபோச்சு. உக்காருங்க, டீ ஆறுது. சர்க்கரைக் கட்டி அந்தத் தட்டுல. காஷான் டவுனுக்கு என்ன, அரைமணி நேரப் பாதைதானே?

முதல் பானைல இறக்கின பன்னீர்க் குப்பியா? பொறுங்க, நீட்டாதீங்க.

ஏழு வருஷம் முன்னாடி, அப்பாவோட நாப்பதாம் நாளுக்குன்னு ஹாம்பர்க்லேர்ந்து மூணு வாரத்துக்கு வந்தவன் நான். ரோஜாப் பூ மாசம். அவர் மூக்கு உனக்குத்தான் இருக்கு, நீ மோந்து பார்த்து அவர் முத்திரைய மெழுகுல குத்தினாத்தான் பன்னீர் விலை போகும்னு காய்ச்சுற பதினாலு வீடும் வாசல்ல வந்து நின்னுது. ஒரு பருவம்தானேன்னு நின்னேன், ஏழாச்சு. ஹாம்பர்க்ல என் பொண்ணு கல்யாணம், அதுவும் பூ பறிக்கிற மே மாசத்துல வந்துது. பூ முடிஞ்சு போயேன்னாங்க. கல்யாணம் காத்திருக்குமா, பூதான் காத்திருக்குமா? விடியுமுன்னே பறிச்சது வெயில் ஏறினா வீண். போன்லதான் பார்த்தேன், ஒரு கையில விறகோட.

சிரிக்காதீங்க. நீ போனா நான் வேற ஊர்ல வாங்கிக்குவேன்னு மிரட்டினது நீங்கதான்.

மாஹ்பானுவா? அதோ, ரெண்டாவது பானை மூடிக்கு ஆவி போகாம மாவு பூசுறாளே, அவதான். பக்கத்து வீடு. குப்பிய எப்பவும் முதல்ல அவகிட்டத்தான் குடுப்பேன், கவனிச்சீங்களா? மரியாதைக்குன்னு நினைச்சிருப்பீங்க. நல்ல பன்னீர்னா அவ இடது புருவம் ஏறும். தண்ணி ஜாஸ்தின்னா உதட்ட மடிப்பா. அதப் பார்த்துட்டுத்தான் நான் மோந்து கண்ண மூடுவேன். நீங்களும் மூச்சடக்கி நிப்பீங்க.

மூணு வருஷமாச்சு ஹாஜி. ஒரு காய்ச்சல் வந்துது, போறப்ப வாசனையையும் கொண்டுபோயிடுச்சு. ரோஜாவும் விறகுப் புகையும் ஒண்ணுதான் எனக்கு.

திட்டுங்க, நியாயம்தான். ஆனா ஒரு சரக்காவது கெட்டுதா? ஆங்.

அவளுக்குத் தெரியுமான்னா? காலைலதான் சொன்னேன். தெரியாதாக்கும், ரொட்டி கருகுறப்ப அடுப்புகிட்டயே உக்காந்து பாட்டுப் பாடினியே, அன்னைலேர்ந்துதான் உனக்காகப் புருவத்தக் கொஞ்சம் ஜாஸ்தியாவே தூக்குறேன்னா!

என்கிட்ட நீட்டாதீங்கன்னேனே, அவகிட்டக் குடுங்க. முத்திரைய அவ கைல குடுத்துட்டேன். ஹாம்பர்க் போற என் பெட்டி உங்க வண்டில இருக்கு.