முதலில் வெளியேறியவன்

— அந்தத் தட்டைக் கீழ வை இங்குஸ். முதல்ல உட்காரு. காலையில நீ என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கேன்னு உனக்குப் புரியுதா?

— ஐஸ் ஹாக்கிப் பயிற்சி பண்ணினேன், குளிச்சேன், வீட்டுக்கு வந்து பாஸ்தா வேக வச்சேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் அண்ணே.

— பாஸ்தா கெடக்கட்டும். பயிற்சி முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. நீ பாட்டுக்கு முகமூடியைக் கழட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டு ஐஸை விட்டுப் போயிட்ட. இருபது பேரும் மட்டையை ஊன்றிக்கிட்டு உன் முதுகையே பார்த்தாங்க. எதிர் கோல்ல நின்ன நானும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தேன்.

— பார்க்கறாங்கன்னு எனக்கும் தோணிச்சு.

— தோணிச்சாம்ல. கேளு தம்பி, இங்க ஒரு வழக்கம் இருக்கு. எங்கயும் எழுதி வைக்கல, ஆனா மீறினவன் கிடையாது. ஆட்டத்தன்னைக்குக் காலையில, ரெண்டு கோல்கீப்பர்ல எவன் முதல்ல ஐஸை விட்டுப் போறானோ அவன்தான் சாயங்காலம் கோல்ல நிப்பான். இன்னொருத்தன் கடைசி வரைக்கும் இருந்து, மிச்சம் மீதி ஆளுங்க அடிக்கறதையெல்லாம் உடம்புல வாங்கணும். கோச் வாயைத் திறக்கவே வேண்டாம். அதான் விஷயம். உங்க லாட்வியாவுல எப்படியோ.

— எங்க ஊர் ஐஸ் இதைவிடக் கெட்டி அண்ணே.

— ஐஸைப் பத்தியா இப்ப பேச்சு? இன்னிக்கு முதல்ல போக வேண்டியவன் நான்டா. நேத்து கோச் என் தோளைத் தட்டிட்டுத்தான் போனாரு. இப்ப ரேடியோக்காரன் நீதான் நிக்கறேன்னு ஊருக்கே சொல்லிட்டான்.

— கோச் மாத்திச் சொல்லிடலாமே?

— யாரு, நம்ம கிரீலியா? ஒன்பது ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சப்ப ஒரே டையைத் துவைக்காமக் கட்டினவரு. பக்கத்துல உட்கார முடியல. வழக்கத்தை மீறினா அணிக்கு ஆகாதுன்னு பயப்படறாரு. நான்தான் போன்ல கெஞ்சினேன், பையனுக்கு விவரம் பத்தாது, வெளிநாட்டுப் புள்ள, தெரியாமப் போயிட்டான்னு. 'அவன் வாயால சொல்லட்டும். தெரியாமப் போனா அது கணக்குல வராது, நீ ஆடு. தெரிஞ்சு போயிருந்தா அவன்தான் ஆடணும்'னுட்டாரு. ஒரு மணிக்குக் கூப்பிடுவாரு.

— இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. சாப்பிடுங்க அண்ணே, ஆறிடும்.

— எனக்கு இறங்காது. இன்னிக்கு யாரு வர்றாங்கன்னாவது தெரியுமா உனக்கு?

— மேல் அணியிலருந்து ஆள் எடுக்க ஒருத்தர் வர்றாரு. அவங்க கோல்கீப்பருக்குத் தொடைச்சதை கிழிஞ்சிடுச்சு. இன்னிக்கு நல்லா நிக்கறவனை நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஸ்கேட் தீட்டறவர் சொன்னாரு.

— பரவாயில்லையே, உனக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கே. கடைக்காரம்மா 'எப்படி இருக்கே'ன்னு ஒப்புக்குக் கேட்டா, நின்னு பத்து நிமிஷம் நெசமாவே பதில் சொல்ற ஆளு நீ. பின்னால வரிசை தெருவுக்கு வந்துடுச்சுன்னு என் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

— அந்தம்மா பேரு லோரெட்டா. அவங்கதான் எனக்காகக் கறுப்பு ரொட்டி வரவழைச்சுக் கொடுக்கறாங்க.

— பார்த்தியா, உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே இதான். வந்து மூணு மாசம் ஆச்சு. ஒன்பது மணி நேரம் பஸ்ல போறோம், கால் நீட்ட இடமில்லாம சீட்டுங்களுக்கு நடுவுல தரையில சுருண்டு படுக்கற. மூஞ்சி சுளிச்சு நான் பார்த்ததில்ல. பதினோரு ஆட்டம் தொப்பியைப் போட்டுக்கிட்டு பெஞ்ச்லயே உட்கார்ந்திருந்த. ஒரு வார்த்தை பேசல.

— பேசினா விளையாட விடுவாங்களா?

— விட மாட்டாங்க. ஆனாலும் மத்தவன் பேசுவான். நான் உன் ஆட்டத்தைச் சொல்லல தம்பி. அதுல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். அக்டோபர்ல பயிற்சியில நம்ம டெலானி அடிச்சானே, ஞாபகம் இருக்கா? நீ குப்புறக் கெடக்கற, வட்டு உன்னைத் தாண்டிப் போயாச்சு. தேள் கொடுக்கைத் தூக்கற மாதிரி பின்னங்காலைத் தூக்கினியே! ஸ்கேட்டுல பட்டு வெளிய போச்சு. பதினாலு வருஷத்துல அப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல. எல்லாரும் மட்டையால ஐஸைத் தட்டறாங்க. நீ என்ன பண்ணின? எழுந்து போய் டெலானிகிட்ட மன்னிப்புக் கேட்ட.

— அவருக்கு அன்னிக்குப் பிறந்த நாள்.

— அதான் விஷயம். உன்கிட்ட கண்ணு இருக்கு, காலு இருக்கு, பொறுமை இருக்கு. பசி மட்டும் இல்ல. கோல் கம்பத்துல இடிச்சா கம்பத்துகிட்டயும் மன்னிப்புக் கேப்ப. ஆனா உனக்கு வயசு இருபதுதான். இன்னும் ரெண்டு வருஷத்துல உன்னைத் தேடிக்கிட்டு வருவாங்க. எனக்கு முப்பத்திமூணு. மழை பெஞ்சா இடது முட்டி பேசுது. இன்னிக்கு விட்டா எனக்கு மேல போக வழியில்ல.

— மேல் அணிக்கு நீங்க போனதே இல்லையா அண்ணே?

— ஒரு தடவை. நாலு நாள். அங்கயும் தொப்பி போட்டு பெஞ்ச்ல உட்கார வச்சாங்க. ஒரு நிமிஷம்கூட ஐஸ்ல நிக்கல. உன் வயசுல நானும் இப்படித்தான், கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு மரியாதையா காத்துக்கிட்டு இருந்தேன். ஏழு ஊரு மாறினேன்.

— யாரையாவது தள்ளிட்டுப் போயிருக்கலாமே.

— யாரைத் தள்ளறது? எனக்கு முன்னால இருந்த மனுஷன் தங்கமானவரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப சூப்பு வச்சு ஊத்தினாரு. அவரை எப்படித் தள்ள?

— நீங்களும் எனக்குக் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்தீங்க. உங்க வீட்டுக் கட்டிலைத் தூக்கிட்டு வந்து எனக்கு இங்க போட்டீங்க.

— அதை ஏன் இப்ப இழுக்கற? நான் ஒண்ணும் பிரதிபலன் கேக்கல.

— கேக்கலன்னு தெரியும் அண்ணே. அதனாலதான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரல.

— எதுக்குத் தூக்கம் வரல?

— மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு ஆட்டமாவது நின்னு காட்டலன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்.

— எப்ப சொன்னாரு?

— பத்து நாள் ஆச்சு.

— பத்து நாளா? தினம் என் எதிர்ல உட்கார்ந்துதானே சாப்பிடற? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா உங்க ஆட்டத்தை எனக்குத் தூக்கிக் கொடுத்திருப்பீங்க.

— கொடுத்திருப்பேன்தான். போன வாரம்னா கொடுத்திருப்பேன்டா. இன்னிக்குக் கேக்காத. இன்னிக்கு மட்டும் என்னால முடியாது.

— நான் கேக்கல அண்ணே.

— அப்புறம் ஏன் அப்படிப் பார்க்கற? வட்டு வர்றப்ப பார்க்கற மாதிரி. இந்தா, கிரீலிதான். சத்தமா வைக்கறேன், நீயே பேசு. ஹலோ கோச், ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்.

— நேரமில்ல வெண்டல். தம்பி இங்குஸ், சுருக்கமாக் கேக்கறேன், சுருக்கமாச் சொல்லு. காலையில தெரியாமத்தானே முதல்ல போன?

— சொல்லு தம்பி. தெரியாதுன்னு சொல்லிடு. யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க.

— தெரியும் கோச். எங்க ஊர்லயும் இதே வழக்கம்தான்.