ஆப்பைப் பிடித்த கை

விறகு பிளப்பதற்குக் கூர்மையான கோடரியே சிறந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு, ஐயா. கூர்மையான கோடரி மரத்தைக் கடிக்கும், பிளக்காது. சிக்கிக்கொண்டால் அதைப் பிடுங்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். தலை கனத்து வாய் மழுங்கிய கோடரியே மேல். எங்கள் ரொட்டிக்கடை அடுப்புக்கு அத்தகைய கோடரி ஒன்று இருக்கிறது. நீங்களே பார்த்தீர்கள், காம்புகூட ஆடவில்லை. அப்படியிருக்க, அன்று ஆப்பும் சம்மட்டியும் எதற்கு என்று என் தம்பியின் மனைவி உங்களிடம் கேட்டாளாம். நியாயமான கேள்வி.

கோடரிக்கு ஓர் ஆள் போதும். ஆப்புக்கு இருவர் வேண்டும். ஒருவன் இரும்பு ஆப்பைக் கட்டையின் வெடிப்பில் நிறுத்திப் பிடிப்பான். மற்றவன் சம்மட்டியால் மெல்லத் தட்டுவான். ஆப்பு ஊன்றியதும் அடிப்பவன் "எடு" என்பான். பிடித்தவன் கையை எடுப்பான். அதன் பின்னரே ஓங்கி அடிப்பது.

பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்தவன் நான். அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே இந்த வேலையை அவனுக்குப் பழக்கினேன். ஒருமுறை நான் சொல்லுமுன் கையை எடுத்துவிட்டான், ஆப்பு சாய்ந்தது. அதைச் சற்று நேரம் அடுப்பின் வாயில் வைத்திருந்து, பிறகு பிடிக்கக் கொடுத்தேன். அதற்குப் பின் அவன் அந்தத் தவற்றைச் செய்ததே இல்லை.

வளர்ந்து தையற்காரன் ஆனான். அளவுகோல் வைக்காமலே துணியில் நேர்கோடு இழுப்பான். அப்படி ஒரு கை. வேறோர் ஊரின் பெரிய தையற்கடையில் துணி வெட்டுவதற்கு அவனை அழைத்தார்கள். பெட்டியைக் கட்டி முடித்த பிறகே என்னிடம் சொன்னான். நான் கோபிக்கவில்லை. முடிச்சுக் கட்டைகளை மட்டும் பிளந்துகொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"என்னண்ணே, கோடரி இருக்கும்போது இதைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"முடிச்சுக் கட்டைடா. ஆப்புக்குத்தான் அடங்கும். பிடி."

"ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆயிடப் போகுது. அப்புறம் உங்க தம்பி பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேத்துக்க மாட்டா."

நானும் சிரித்தேன். மெல்லத் தட்டினேன். ஆப்பு ஊன்றிவிட்டது, இருவருக்கும் அது தெரிந்தது. சம்மட்டியைத் தலைக்குமேல் உயர்த்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். சம்மட்டியையும் பார்த்தான், என் வாயையும் பார்த்தான். வேண்டிய அவகாசம் கொடுத்தேன், ஐயா. நாயாக இருந்தால்கூட ஓடியிருக்கும். அவன் கை ஆப்பின்மேலேயே இருந்தது. சம்மட்டி நான் நினைத்த இடத்தில் விழுந்தது. அது ஆப்பின் தலை அன்று.

மருத்துவமனையில் அவன் உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியும். "அண்ணன் சொல்லியிருப்பாரு சார், எனக்குத்தான் காதுல விழல." அவன் காதில் பழுதொன்றும் இல்லை. நான் சொல்லவில்லை.

அவனுடைய மனைவி என்னைக் கொடியவன் என்கிறாள். நேற்று வந்தவள், நகமும் சதையுமாக இருந்தவர்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கட்டிய பெட்டியை அவளே அவிழ்த்தாள். கையில் கட்டோடு வந்த நாள்முதல், நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்த நாள்வரை, அவனுடைய சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டவன் நான். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, சிறு வயதில் நின்றதைப் போலவே நிற்பான். அவ்வளவு நிம்மதியாக நாங்கள் இருந்து நெடுங்காலம் ஆயிற்று.

இப்போது இடக்கையால் கத்தரிக்கோல் பிடித்துப் பழகுகிறானாம், நேர்கோடுகூட வருகிறதாம். கேட்டு மகிழ்ந்தேன்.

என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. கொட்டகையில் முடிச்சுக் கட்டைகள் இன்னும் மீதமிருக்கின்றன. ஆப்பைப் பிடிக்க இடக்கையே போதும். நான் சொல்லும்வரை அவன் அதை எடுக்கமாட்டான்.