செத்த பேட்டரி

செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதி பேருந்து. புத்தலப்பட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரும், வலக்கையில் ஈரத்துணி சுற்றிய அவருடைய மைத்துனரும் ஏறி எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

“செத்த பேட்டரி கடிக்குமா மாமா?” என்று மைத்துனர் கத்தினார்.

“மெதுவா பேசுடா. ஆஸ்பத்திரில அடுப்புல சுட்டுக்கினேன்னு சொல்லு. இல்லன்னா கடைக்கு சீல் வெச்சிடுவாங்க.”

“லாரி பேட்டரி மாதிரியே கோடாலியால பொளன்னு நீதான சொன்ன? இது கரண்ட் ஸ்கூட்டரோட லித்தியம் பேட்டரி. குப்புனு பத்திக்கிச்சே! ரீசைக்கிளிங்குன்னு போர்டு மட்டும் மாட்டிக்கினியே.”

“எனக்கு மட்டும் தெரியுமா?”

“இப்ப தெரிஞ்சிச்சில்ல? மீதி மூட்டை பேட்டரிய இன்னா பண்ணுவ?”

“அத பொளக்க வேற ஆள் வருவான்.”

மைத்துனர் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப டாக்டராண்ட நெஜத்தத்தான் சொல்லுவேன். வெக்கட்டும் சீலு.”