அலசும் பொறுப்பு

சூசொக் அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு முந்தின நாள், மாலை நான்கு மணி. ஆய்வகத்தில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேரிக்காய் பிடிக்கும் என்று ஹே-ரின் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் ஆய்வகத்தில் எனக்கு இளையவள், ஐயா. பாலிமர் கரைசலில் எண்ணெய் விட்டுப் பால் போல வெளுக்கும்வரை கலக்கி, ஊசி வழியே இழையாக்குவாள். அலசினால் எண்ணெய்த்துளி இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். இழுத்தால் இழுத்த அளவுக்கு நீளும். அவளைப் போல் வேறு யாருக்கும் வரவில்லை.

பிறவியிலேயே அவளுக்கு ஈரல் பலவீனம். விருந்துகளில் பேராசிரியர் ஊற்றும் சோஜு மதுவை அவளுக்குப் பதிலாக நான் குடிப்பேன். "நடந்து போவீங்களா, மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போகணுமா?" என்று சிரிப்பாள்.

வசந்தத்தில் ஜெர்மனிக்குப் போவதாக இருந்தாள். என்னிடம் கடைசியாகத்தான் சொன்னாள். கோபம் இல்லை. பயணம் கொஞ்ச காலம் தள்ளிப்போனால் போதும் என்று நினைத்தேன்.

நூற்றவரே முதலில் அணிந்து பார்ப்பது எங்கள் வழக்கம். மூச்சை அளக்க, இழையைப் பட்டையாகப் பின்னி நெஞ்சில் கட்டிக்கொள்வாள். அலசும் பொறுப்பு என்னுடையது. மூத்தவர் அலசியதை இளையவர் மறுபடி சோதிப்பது மரியாதையில்லை.

நான் மேலாக மட்டும் அலசினேன். பாலிமரைக் கரைக்கும் கரைப்பான் தோல் வழியே இறங்கி ஈரலைக் கெடுக்கும். துளைகளுக்குள் அது தங்கியிருந்தது. வாசம் வராதபடி வெளியே துடைத்துக் கொடுத்தேன். அன்று ஊருக்குக் கட்டிக்கொண்டு போனதும் அதுதான்.

திரும்பி வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. "அம்மா எண்ணெய்ப் பலகாரமாப் போட்டு அடைச்சிட்டாங்க அண்ணா" என்றாள். அடுத்த பட்டையை நான்தான் பின்னால் நின்று கட்டிவிட்டேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

மருத்துவர் என்னிடம் விசாரித்தார். நன்றாக அலசியிருந்தது என்றேன். பழைய நோய் முற்றிவிட்டது என்று எழுதினார்கள்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான். கடைசிவரை பக்கத்திலேயே இருந்தேன். அவள் அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்.

கடைசி நாட்களில் அவள் நெஞ்சில் பட்டை இருந்த இடம் சிவந்து கிடந்தது. இழைதான் காரணமோ என்று அவளுக்குச் சந்தேகம். படுத்தபடியே, கலக்கிய விதத்தை முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அலசினதுல குறை இருக்காது. அப்போ நான் எங்க தப்பு பண்ணேன், அண்ணா?"