இடது மட்கார்டு

— அந்தக் கதவைத் தொடாதே அக்கா. லேசாத்தான் ஒட்டியிருக்கு, கையோட வந்துடும்.

— தொடலடா, பார்க்கத்தான் குனிஞ்சேன். நம்ம வண்டி மாதிரியே இருக்கே.

— மாதிரி என்ன, நம்ம வண்டியேதான். இருபத்துநாலுல ஒரு பங்கு சைஸ்ல. நம்பர் பிளேட்டைப் படிச்சுப் பாரு.

— அடேயப்பா. அப்பா அந்தப் பழைய காரை ஓட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு நீ கைக்குழந்தை. அந்தக் கருநீலம்கூட அப்படியே வந்திருக்கேடா.

— கடையில விக்கற மாடல் கார் கிட்டுல வர்றது வெறும் வெள்ளை பிளாஸ்டிக். நூத்திப் பன்னெண்டு துண்டு. வெட்டி, தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிக்கிறதெல்லாம் நாமதான். இந்த நீலத்துக்கு நாலு தடவை கலக்கினேன். பானெட்டைத் தூக்கிக் காட்டறேன் பாரு, உள்ள ஓடற வயரெல்லாம் தையல் நூல்.

— பகல் பூரா ஊருக்கெல்லாம் பல் செட் செய்யறே, வீட்டுக்கு வந்தா இது. கண்ணு என்னத்துக்கு ஆகும்? சரி, அப்பா படுக்கப் போற கட்டில் பக்கத்துல எதுக்கு வெச்சிருக்கே?

— நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா இங்கதானே வரார். கண் முழிச்சதும் இதுதான் தெரியணும்னு செய்ய ஆரம்பிச்சேன்.

— நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்தேன்டா. பதினோரு வருஷமா அவர்கூடப் பேசாதவன், ‘ஆபரேஷன் முடிஞ்சதும் உன் வீட்டுல வெச்சுக்கறியா’ன்னு ரெண்டு மாசம் முன்னாடி நான் கேட்டதும் ஒரே வார்த்தையில சரின்னுட்டே. கடைசியில பார்த்தா அவருக்குப் பரிசு செஞ்சு வெச்சிருக்கே.

— இந்தப் பக்கம் வந்து பாரு.

— என்னடா இது? இது என்ன?

— இடது மட்கார்டு. மெழுகுவத்தியில காட்டி, இளகினதும் ஸ்பூன் காம்பால அமுக்கினேன். மூணு பாழாப்போச்சு. நாலாவதுலதான் நசுங்கல் சரியா வந்துச்சு. ஹெட்லைட் கண்ணாடியும் உடைஞ்சிருக்கு பாரு.

— எடுத்துடு. இப்பவே எடுத்து உள்ள வை.

— சைக்கிள்ல போன மனுஷன் மேல இடிச்சது இந்த மட்கார்டுதானே? ‘நான்தான் இடிச்சேன்’னு போலீஸ்ல அவரே போய்ச் சொன்னார். ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தார். வீட்டுல ஒரு நாளாவது அதைப் பத்தி வாயைத் திறந்தாரா? ஸ்கூல்ல எனக்குக் கொலைகாரன் மகன்னு பேரு. நான் எப்பக் கேட்டாலும் பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்குவார்.

— அதுக்கு இப்படியா? நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்காங்கடா. அவர் கண்ணு முன்னாடி இதை வெச்சா தாங்குவாரா?

— தாங்க வேண்டாம்னுதான் ஆரம்பிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசமா அந்தக் கோபத்துலதான் ராவினேன், தேய்ச்சேன். நாலு நாள் முன்னாடி அப்படியே நின்னுட்டேன்.

— ஏன்?

— அதைக் கேக்கத்தான் உன்னை வரச் சொன்னேன். இப்படி உக்காரு.

— பீடிகை போடாதே. என்னன்னு சொல்லு.

— நசுங்கல் அச்சு அசலா வரணும்னு கோர்ட்டுல எழுதிக் கொடுத்து, கேஸ் கட்டுல இருந்த போட்டோக்களோட நகல் வாங்கினேன். மொத்தம் அஞ்சு. இதைப் பாரு. வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு பின்னாடி எழுதியிருக்கு. டிரைவர் கதவு திறந்திருக்கு.

— என் கண்ணாடி கொண்டு வரல.

— இந்தா, பூதக்கண்ணாடி. சீட்டைப் பாரு. எவ்வளவு முன்னாடி போகுமோ அவ்வளவு முன்னாடி தள்ளியிருக்கு.

— சீட்டு எப்படி இருந்தா என்ன?

— நானும் அப்படித்தான் நினைச்சு, போட்டோவுல இருக்கற மாதிரியே ஒட்டினேன். அப்புறம் அப்பா உயரத்துக்குக் கம்பியில ஒரு ஆள் செஞ்சு உக்கார வெச்சுப் பார்த்தேன். முழங்கால் ஸ்டியரிங்ல முட்டுது. காலை உள்ள விடவே முடியல. அப்பா ஆறடி. அன்னிக்கு வண்டியை ஓட்டினது அவர் இல்லை அக்கா.

— இடிச்ச வேகத்துல சீட்டு நகர்ந்திருக்கும்.

— பழைய கார் பார்க்கற மெக்கானிக்கைக் கேட்டேன். சைக்கிள்ல இடிச்சதுக்கெல்லாம் அந்தச் சீட்டு நகராதுன்னார். ஓட்டினது குட்டையான ஆள்.

— செத்தவர் செத்துட்டார், ஜெயிலுக்குப் போனவர் போயிட்டு வந்துட்டார். இப்ப இதைக் கிளறி என்னடா ஆகப் போவுது?

— அப்ப உனக்குத் தெரியும்.

— எனக்கு என்ன தெரியும்?

— எனக்கு அஞ்சு வயசு, ஒண்ணும் புரியல. நீ பதினாறு வயசுப் பொண்ணு. வீட்டுல நடந்தது உனக்குத் தெரியாம இருக்குமா? அம்மாதானே?

— அம்மாவா?

— அம்மா அப்பாவோட தோளுக்குத்தான் வருவாங்க. வண்டி இடிச்ச அந்தத் தெரு வழியா நடக்கவே மாட்டாங்க, சுத்திக்கிட்டுத்தான் போவாங்க. சைக்கிள்காரர் சம்சாரத்தை, தான் சாகற வரைக்கும் போய்ப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் அதெல்லாம் வெறும் இரக்கம்னு நினைச்சேன். அவங்களைக் காப்பாத்தத்தான் அப்பா பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். அந்த மனுஷனைப் போய் நான் இத்தனை வருஷம் ஒதுக்கி வெச்சேன். அக்கா... ஏன் அழறே?

— ஒண்ணுமில்லை.

— அழாதே. அம்மா போய்ச் சேர்ந்தாச்சு, இனிமே அவங்களை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. நாளைக்கு அப்பா வந்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அம்மா செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்ப்பா, என்னை மன்னிச்சுடுங்க’ன்னு சொல்லப் போறேன்.

— மன்னிப்புக் கேளு. அம்மா பேரை மட்டும் எடுக்காதே.

— ஏன் எடுக்கக் கூடாது?

— எடுத்தா, ஆமாம்னு சொல்லிடுவார்.

— ஆமாம்னா ஆமாம்தானே? அதுல என்ன தப்பு?

— அம்மாவுக்குக் கார் ஓட்டவே தெரியாதுடா. அப்பா எனக்கு மட்டும்தான் கத்துக் கொடுத்தார்.