ஏணியில் வழுக்கிய தீயணைப்புக்காரர்

தாராவியிலிருந்து தாதர் போகும் பஸ்ஸின் பின்பக்கம் அன்று நாலே பேர்: நான், மீன்கூடையோடு ஒரு பெரியவர், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"கால் முறிஞ்சது அவருக்கு, ஜெயிலுக்குப் போறது நானான்னு மூணு நாள் தூங்கல மைனி" என்றாள் ஜன்னலோரத்துக்காரி. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"யாருக்குட்டி கால்?"

"மழையில பக்கத்துக் கல்லியில, அந்தச் சந்துல, கட்டடம் விழுந்துச்சுல்லா? அங்க ஆளுவள மீட்க வந்த ஃபயர் பிரிகேட்காரங்கள எங்க மேல் ரூம்ல படுக்கச் சொன்னேன். ஒருத்தர் இறங்கையில, அந்த ரூமுக்கு ஏற வெளிய வச்சிருக்க இரும்பு ஏணியில வழுக்கிட்டாரு."

"ஏணி ஏறுறதே தொழிலு, உன் வீட்டு ஏணியில போயா விழுந்தாரு!"

"சிரிக்காதீய. கேஸ் வரும்னு எதிர்வீட்டுக்காரன் பயங்காட்டிட்டான். வக்கீலம்மாகிட்ட ஓடுனேன். காசு வாங்காம நல்ல எண்ணத்துல இடம் குடுத்தவ மேல கேஸ் நிக்காது, ஏணி பழுதுன்னு தெரிஞ்சே ஏத்தியிருந்தாத்தான் வம்புன்னாவ."

"பழுதா?"

"இல்ல மைனி. நேத்து அவரே கட்டுப்போட்ட காலோட வந்து எழுதிக் குடுத்துட்டாரு. நாம ஏணியப் பாத்து, பக்கத்துல தொங்குற கயித்தப் பிடிச்சுத்தானே இறங்குவோம்? அவரு தூக்கக் கலக்கத்துல, மாடிப்படி மாதிரி ஏணிக்கு முதுகக் காட்டி, வாசலப் பாத்து இறங்கியிருக்காரு. 'ஏணி சரி, தப்பு என்னோடது'ன்னு கையெழுத்தே போட்டுட்டாரு."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாறேன்னிருக்காரு."

"வரட்டும். சோத்தக் கீழயே போடு."